வாச்சியின் கைப்பிடி: தியானத்தில் 'முன்னேற்றம்' எங்கே தெரியும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பியவர் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறவர். அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் பேசுறேன். அவர் சொன்னது இதுதான்:

"அண்ணா, அஞ்சு மாசமா தினமும் காலையில பத்து நிமிஷம் உட்கார்றேன். ஆப்ல 143 நாள் ஸ்ட்ரீக் இருந்துச்சு. போன வாரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. ஆஸ்பத்திரி, அலைச்சல். ரெண்டு நாள் உட்காரல. ஆப்பைத் திறந்து பார்த்தா ஸ்ட்ரீக் ஜீரோ. சத்தியமா அழுகை வந்துடுச்சு. அதை விடுங்க. இத்தனை நாள்ல ஒரு நாள்கூட மனசு காலியானதே இல்ல. என் மூளை சரியான குரங்கு. எனக்கெல்லாம் இது வராதுன்னு விட்டுடலாமா?"

வாய்ஸ் நோட் மொத்தம் நாலு நிமிஷம். நடுவில், போகிற போக்கில், அவர் இன்னொரு விஷயமும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்றேன். கேள்விக்கான பதில் அங்கேதான் ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது.

நானும் ஒரு தடவை விட்டவன்தான். "மனசை வெள்ளைத்தாள் மாதிரி ஆக்கணும்"னு யாரோ சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு மூணு மாசம் உட்கார்ந்தேன். தாளில் தினமும் கிறுக்கல்தான். ஒருநாள் எழுந்து போயிட்டேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது, என்கிட்ட தப்பு பெருசா எதுவும் இல்ல, நான் பிடிச்சிருந்த உவமைதான் தப்பு.

இன்னைக்கு எபிசோட் அதைப் பற்றித்தான். தியானத்தைப் புரிஞ்சுக்க நாம என்ன உவமையைக் கையில் வெச்சிருக்கோம்? புத்தர் என்ன உவமைகளைச் சொன்னார்? ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

உவமை ஒரு அலங்காரம் இல்ல, அது ஒரு வேலைத்திட்டம்

பள்ளிக்கூடத்தில் உவமையை அணி இலக்கணத்தில் படிச்சோம். அதனால் அதை ஒரு அலங்காரம்னு நினைச்சுக்கிறோம். ஆனா மனசு மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது, உவமைதான் நம்மை வேலை வாங்குது.

யோசிச்சுப் பாருங்க. 'மனசு ஒரு அறை, அதைக் காலி பண்ணணும்' என்று வைத்துக்கொண்டால், வருகிற ஒவ்வொரு எண்ணமும் குப்பை. பத்து நிமிஷத்தில் இருநூறு எண்ணம் வந்தால் இருநூறு தோல்வி. 'ஸ்ட்ரீக்' என்பதும் ஒரு உவமைதான். அறுபடாத சங்கிலி. ஒரு கண்ணி போனால் மொத்தமும் போச்சு. அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட ரெண்டு நாள், அந்தச் சங்கிலிக் கணக்கில் வெறும் ஓட்டை.

இப்போ அந்தச் சொல்லையே எடுத்துக்குவோம். மைண்ட்ஃபுல்னெஸ். பாலி மொழியில் இதற்கு மூலச்சொல் 'ஸதி'. பயப்படாதீங்க, நம்ம ஊர் சதித்திட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சமஸ்கிருதத்தில் 'ஸ்மிருதி' என்கிறோமே, அதே சொல்தான். அடிப்படைப் பொருள் 'நினைவு'. ரைஸ் டேவிட்ஸ் என்ற பாலி அறிஞர் 1881-இல் வெளியான தன் மொழிபெயர்ப்பில் இதற்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்று போட்டார். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்காக ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார். அதற்கப்புறம் அந்தச் சொல் மருத்துவமனை, அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் சுற்றி நம்ம போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

தமிழில் எண்வழியைச் சொல்லும்போது இந்த இடத்தில் 'நற்கடைப்பிடி' என்ற அழகான சொல் இருக்கு. கடைப்பிடி என்றால் மறக்காமல், விடாமல் பிடித்திருப்பது. காலி பண்ணுகிற வேலை இதில் எங்கேயுமே இல்ல. மறந்துபோவது, திரும்ப நினைவுக்கு வருவது, மறுபடி பிடிப்பது. இவ்வளவுதான் வேலை. அந்தப் 'பிடி' என்ற சொல்லை மனசில் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

கடைசல்காரர்: சரி பண்ணாதே, தெரிஞ்சுக்கோ

மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிக்கு மூல உரை எதுன்னு கேட்டால் பெரும்பாலும் சதிபட்டான சுத்தத்தைத்தான் சொல்வாங்க. மஜ்ஜிம நிகாயம் என்ற தொகுப்பில் மொத்தம் 152 உரைகள். அதில் இது பத்தாவது. 'சுத்த' என்றால் பாலியில் உரை, நம்ம சூத்திரம்.

மூச்சைக் கவனிக்கச் சொல்லும் இடத்தில் அங்கே ஒரு உவமை வருது. யார் தெரியுமா? கடைசல் பிடிக்கிறவர். மரத்தைச் சுழலவிட்டு உளியால் இழைக்கிற தொழிலாளி. நீளமாக ஒரு இழுப்பு இழுத்தால் 'நீளமாக இழுக்கிறேன்' என்று அவருக்குத் தெரியும். குட்டையாக இழுத்தால் 'குட்டையாக இழுக்கிறேன்' என்று தெரியும். மூச்சையும் அப்படித்தான். நீண்ட மூச்சு என்றால் நீண்டது என்று தெரியணும். சின்ன மூச்சு என்றால் சின்னது என்று தெரியணும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? மூச்சை நீளமாக்கு என்று ஆரம்பிக்கவில்லை. குட்டை மூச்சு தப்பு என்றும் சொல்லவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை செய்கிற ஒருவரை நின்று பார்த்திருந்தால் இது உடனே புரியும். கை வேலை செய்யும், கண்ணும் காதும் அங்கேயே இருக்கும். மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அவருக்குத் தெரியும். அவர் மனசு காலியாகவும் இல்ல, கண்ணை மூடிப் பரவசத்திலும் இல்ல. வேலையோடு இருக்கிறார்.

புத்தர் சொன்ன உவமைகளில் இப்படித் தொழிலாளிகள் நிறைய வருவாங்க. பொற்கொல்லர், சமையல்காரர், தச்சர், யானைப் பாகன், மாடு மேய்ப்பவர். எல்லாருமே கையால் வேலை செய்து, தப்பு பண்ணி, கத்துக்கிட்டவங்க.

மாடு மேய்ப்பவர்: ஒரே வேலை, ரெண்டு பருவம்

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது. மஜ்ஜிம நிகாயத்தின் 19-வது உரை. புத்தர் ஞானம் பெறுவதற்கு முன், தன் எண்ணங்களை ரெண்டு பக்கமாகப் பிரிச்சுப் பார்த்த கதையை அவரே சொல்றார். ஒரு பக்கம் ஆசை, வெறுப்பு, கொடுமை சார்ந்த எண்ணங்கள். இன்னொரு பக்கம் அதற்கு எதிரானவை.

முதல் வகை எண்ணம் வரும்போது என்ன செய்தார் என்பதற்கு ஒரு உவமை. மழைக்காலத்தின் கடைசி மாதம். வயலில் பயிர் அடர்த்தியாக நிற்குது. மாடு மேய்க்கிறவர் கையில் கம்போடு நிற்கணும். மாடு பயிர்ப் பக்கம் திரும்பினால் தட்டணும், தடுக்கணும். ஏன்னா மாடு பயிரில் வாய் வைத்தால் அவருக்கு அடி, அபராதம், சிறை.

ரெண்டாவது வகை எண்ணத்துக்கு இன்னொரு படம். கோடையின் கடைசி மாதம். அறுவடை முடிஞ்சு தானியமெல்லாம் ஊருக்குள் போயாச்சு. இப்போ அதே மேய்ப்பவர் ஒரு மரத்தடியில் உட்காரலாம். 'அங்கே மாடுகள் இருக்கு' என்ற நினைவு மட்டும் இருந்தால் போதும்.

பாருங்க, ரெண்டு காட்சியிலும் மாடு இருக்கு. மாடே இல்லாத மைதானம் எந்தப் பருவத்திலும் கிடையாது! மேய்ப்பவருக்கு முக்கியமான கேள்வி, இப்போ என்ன பருவம் என்பதுதான்.

இதை நம்ம வாழ்க்கைக்குக் கொண்டு வந்தால்? ராத்திரி பதினொன்றரை. மேனேஜர் போட்ட மெயிலுக்குச் சூடாக ஒரு பதில் டைப் பண்ணிட்டு இருக்கீங்க. அது மழைக்காலம். பயிர் நிற்குது. அங்கே 'எண்ணத்தைச் சும்மா வேடிக்கை பார்' என்ற அட்வைஸ் வேலைக்கு ஆகாது. கம்பை எடுக்கணும். லேப்டாப்பை மூடணும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும்போது ஏதேதோ பழைய ஞாபகம் வருதா? அது கோடை. மாடு நடக்கட்டும். நீங்க மரத்தடியில் உட்காருங்க.

நாம சிக்கிக்கொள்வது பருவத்தை மாற்றிப் புரிஞ்சுக்கும்போது. கோடையில் கம்போடு ஓடிக் களைச்சுப் போறோம். மழைக்காலத்தில் தூங்கிடறோம்.

குரங்கைத் திட்டாதீங்க

நம்ம தோழி 'என் மூளை சரியான குரங்கு'ன்னு சொன்னாங்க இல்லையா? நாம எல்லாருமே சொல்றதுதான். அது ஒரு திட்டாகவே ஆகிப்போச்சு.

சம்யுத்த நிகாயத்தில் அந்தக் குரங்கு நிஜமாகவே வருது. காட்டில் ஒரு கிளையைப் பிடிக்கும், விடும், அடுத்ததைப் பிடிக்கும். மனசும் அப்படி இரவும் பகலும் மாறிக்கிட்டே இருக்கு என்கிறது அந்த உரை. ஆனா எதற்காகச் சொல்லப்படுது? இவ்வளவு வேகமாக மாறுகிற ஒன்றை 'இதுதான் நான்' என்று பிடிச்சுக்காதே என்பதற்காக. நாம அதையே தலைகீழாக்கி 'நான் ஒரு குரங்கு'ன்னு முடிவு கட்டிட்டோம்.

அதே தொகுப்பில் இன்னொரு காட்சியும் உண்டு. ஒருத்தர் ஆறு மிருகங்களைப் பிடிச்சு ஒரே முடிச்சில் கட்டுகிறார். பாம்பு, முதலை, பறவை, நாய், நரி, குரங்கு. பாம்பு புற்றுக்கு இழுக்கும், முதலை தண்ணீருக்கு, பறவை வானத்துக்கு, நாய் ஊருக்கு, நரி சுடுகாட்டுக்கு, குரங்கு காட்டுக்கு. எது பலசாலியோ அது மற்றதையும் இழுத்துக்கிட்டுப் போகும். கண், காது, மூக்கு, நாக்கு, உடம்பு, மனம் என்ற ஆறுக்கும் இதுதான் நிலைமை. போனில் ரீல்ஸ் ஓடுது, பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வாசனை வருது, இன்னொரு பக்கம் நாளைக்கு இன்டர்வியூ ஞாபகம். ஆறு பக்கமும் இழுப்பு.

அப்போ என்ன செய்யணும்? மிருகங்களை அடிக்கச் சொல்லவில்லை. உறுதியான ஒரு தூணை நட்டு, அதில் கட்டச் சொல்கிறது. அந்தத் தூண், உடம்பின் மேல் வைக்கிற கவனம். மிருகங்கள் இழுக்கும், களைக்கும், பிறகு தானாகத் தூணடியில் வந்து நிற்கும், உட்காரும், படுக்கும். இழுப்பு இருப்பது தோல்வி இல்ல. தூண் இருக்கான்னு மட்டும் பாருங்க. பாதம் தரையில் படுவது தெரியுதா? மூச்சு மூக்கு நுனியில் தெரியுதா? அதுதான் தூண்.

சோணருக்கு ஏன் வீணை?

உவமை ஆளுக்கு ஏற்ற மாதிரி மாறும். இதற்கு நல்ல உதாரணம் சோணர்.

வசதியான வீட்டுப் பிள்ளை. துறவியாகி இராஜகிருகத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்தார். கால் புண்ணாகி ரத்தம் வருகிற அளவுக்கு நடைத்தியானம் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. 'வீட்டில் சொத்து இருக்கு, திரும்பிப் போய் நல்ல காரியங்கள் செய்யலாமே' என்று யோசிக்க ஆரம்பித்தார். ஒருவகையில் நம்ம தோழியின் அதே கேள்விதான்: விட்டுடலாமா?

புத்தர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி தியானத்தைப் பற்றியது இல்ல. வீட்டில் இருந்தபோது நீ நன்றாக வீணை வாசிப்பாய் அல்லவா, என்று கேட்டார். தந்தியை ரொம்ப முறுக்கினால் சரியாக ஒலிக்குமா? தளர்த்திவிட்டால்? ரெண்டும் இல்லாமல் சமமாக வைத்தால்? சோணருக்குச் சட்டென்று புரிந்தது. அவர் விரல்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த ஒன்றுதான் அது.

பத்து வருஷம் கிரிக்கெட் ஆடினவருக்கு வீணை உவமை வேண்டாம். பேட்டை இறுக்கிப் பிடிச்சால் பந்து கைக்கு வராதுன்னு அவருக்குத் தெரியும். ரொட்டி மாவு பிசைகிறவருக்குத் தண்ணீர் கூடினால் என்ன, குறைந்தால் என்னன்னு தெரியும். உங்க கைக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வேலை எது? உங்க உவமையை அங்கே தேடுங்க.

ஏன் இன்னைக்கு ஒன்றும் தெரியல?

சங்காரவர் என்ற பிராமணர் புத்தரிடம் ஒரு கேள்வி கேட்டார். பரீட்சை எழுதின எல்லாருக்கும் பழக்கமான கேள்வி. ரொம்ப நாள் ஓதிப் பழகின மந்திரம்கூடச் சில நேரம் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது, ஏன்?

பதில், ஒரு பாத்திரத் தண்ணீர். அதில் முகம் பார்க்கணும். சாயம் கலந்த தண்ணீரில் முகம் சரியாகத் தெரியாது. அது ஆசை பிடித்த மனசு. கொதிக்கிற தண்ணீரில் தெரியாது. அது கோபம். பாசி மூடினால் தெரியாது. அது சோம்பல், மந்தம். காற்றில் அலை அடித்தால் தெரியாது. அது பதற்றம். சேறு கலக்கி இருட்டில் வைத்தால் தெரியாது. அது சந்தேகம்.

இது எனக்கு ரொம்பப் பிரயோஜனமா இருந்தது. முன்னாடியெல்லாம் 'இன்னைக்கு தியானம் சரியா வரல'ன்னு ஒரே வரியில் முடிச்சிடுவேன். இப்போ கேட்பேன்: என்ன தண்ணீர் இது? கொதிக்குதா, பாசியா, அலையா? கொதிக்கிற தண்ணீரையும் பாசி படிந்த தண்ணீரையும் ஒரே மாதிரி கையாள முடியாதே. அடுப்பை அணைக்கிறது வேற, பாசியை விலக்குறது வேற. தூக்கம் வந்தால் எழுந்து நடக்கலாம். பதற்றம் என்றால் மூச்சோடு கொஞ்சம் நேரம் கூட இருக்கலாம்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கு. சாயமோ சேறோ கலந்தாலும் தண்ணீர் இருக்கு, முகமும் இருக்கு. எதுவும் தொலைந்து போகவில்லை.

ரெண்டாவது அம்பு

இது பலருக்குத் தெரிஞ்ச உவமை, அதனால் சுருக்கமாகச் சொல்றேன். உடம்பில் வலி வருவது ஒரு அம்பு. 'எனக்கு ஏன் இப்படி' என்று புலம்பி, மனசும் அடிபடுவது ரெண்டாவது அம்பு. பயிற்சி உள்ளவருக்கும் முதல் அம்பு படும். இதை மறந்துடக் கூடாது. வலியே இல்லாமல் போகும்னு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

நம்ம தோழிக்கு என்ன நடந்தது பாருங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அது முதல் அம்பு. நிஜமான அம்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து போனைத் திறந்தால் 'ஜீரோ'. அது ரெண்டாவது. மன அமைதிக்காக வைத்திருந்த ஒன்றிலிருந்தே அந்த அம்பு வந்ததுதான் கொடுமை. ஆப் பண்ணின தப்புன்னு சொல்ல வரல. எண்ணிக்கை சில பேருக்கு உதவும், பழக்கம் பிடிக்க ஒரு கைத்தடி மாதிரி. ஆனா எண்ணிக்கையே வளர்ச்சின்னு நாம நம்பிட்டோம். அங்கேதான் அம்பு உள்ளே வந்தது.

அப்போ வளர்ச்சியை எப்படித்தான் பார்ப்பது?

வாச்சியின் கைப்பிடி

இப்போ தலைப்புக்கு வந்துட்டோம். இதுவும் சம்யுத்த நிகாயத்தில் உள்ள ஒரு உரைதான். மூணு உவமைகள் அடுத்தடுத்து வருது.

முதலில் ஒரு கோழி. எட்டோ பத்தோ பன்னிரண்டோ முட்டை. கோழி சரியாக அடைகாக்காமல், 'குஞ்சு பொரிக்கட்டும், பொரிக்கட்டும்'னு எவ்வளவு ஆசைப்பட்டாலும் பொரிக்காது. சரியாக அடைகாத்தால், ஆசைப்படாமலே இருந்தாலும் பொரியும். ஆசைக்கு இதில் ஓட்டு இல்ல. சூட்டுக்குத்தான் ஓட்டு.

ரெண்டாவது, தச்சரின் வாச்சி. மரத்தைச் செதுக்குகிற கருவி. பாலியில் இதன் பெயர் 'வாசி'. நம்ம தச்சர்கள் வாச்சி என்பாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் பெயர் அதிகம் மாறவில்லை. அந்த வாச்சியின் மரக் கைப்பிடியைத் தச்சர் பார்க்கிறார். விரல்கள் பதிந்த தடம் தெரியுது, கட்டைவிரல் தடம் தெரியுது. ஆனா 'இன்னைக்கு இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு, முந்தாநாள் இவ்வளவு' என்று அவருக்குத் தெரியாது. தேய்ந்த பிறகு, தேய்ந்திருக்கு என்று மட்டும் தெரியும். மனசின் கறைகள் தேய்வதும் அப்படித்தான் என்கிறது உரை.

மூணாவது, ஒரு கப்பல். ஆறு மாதம் கடலில் கிடந்துவிட்டு, குளிர்காலத்தில் கரைக்கு இழுத்து வைக்கிறாங்க. கட்டியிருந்த கயிறுகள் வெயிலிலும் காற்றிலும் காய்ந்து, மழையில் நனைந்து, கொஞ்சம் கொஞ்சமாக இற்றுப்போகும். யாரும் வெட்டவில்லை.

இதில் வாச்சி உவமை என்னை நிறுத்திப் போட்டது. நம்ம காலத்தில் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கு. எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம், இதயம் எத்தனை தடவை துடித்தது. தினமும் வரைபடம் மேலே போகணும். கைப்பிடியோ தினசரிக் கணக்குக்குள் வரவே வராது. ஆனா கணக்கில் வராததால் அது நடக்காமல் இல்ல. தச்சருக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வந்து பட்டறைக்கு வரவில்லை என்றால், கைப்பிடியில் பதிந்த தடம் அழிந்து போகுமா? ஜீரோவுக்குத் திரும்புமா? மூணாவது நாள் வந்து பிடித்தால், விரல் நேராகப் பழைய பள்ளத்தில்தான் போய் உட்காரும்.

கடைப்பிடின்னு முதலில் சொன்னேனே, அந்தப் பிடி இதுதான்.

கடைசியில் தெப்பத்தையும் இறக்கி வைக்கணும்

இவ்வளவு உவமை சொல்லிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். மஜ்ஜிம நிகாயத்தின் 22-வது உரையில் ஒரு தெப்பம் வருது. வெள்ளத்தைக் கடக்க ஒருத்தர் புல், குச்சி, கிளை, இலை எல்லாம் சேர்த்துத் தெப்பம் கட்டுகிறார். கையாலும் காலாலும் துழாவி அக்கரை போகிறார். 'இது எனக்கு எவ்வளவு உதவியது!'ன்னு அதைத் தலையில் தூக்கிக்கிட்டு நடந்தால் அது புத்திசாலித்தனமா? புத்தர் தன் போதனையையே அந்தத் தெப்பத்தோடுதான் ஒப்பிட்டார்.

அதே உரையில் ஒரு பாம்பும் உண்டு. பாம்பை வாலில் பிடித்தால் திரும்பிக் கொத்தும். கவைக்கோலால் அழுத்தி, கழுத்தில் பிடிக்கணும். போதனையைத் தப்பாகப் பிடித்தாலும் அப்படித்தான். 'எல்லாமே மாறும்' என்பதைப் பிடிச்சுக்கிட்டு நண்பனின் துக்கத்தை உதறுவது, 'அது உன் ரெண்டாவது அம்பு'ன்னு அழுகிறவங்ககிட்ட பாடம் எடுப்பது, இதெல்லாம் வாலில் பிடித்த பாம்பு. இந்த உவமைகள் முதலில் நம்ம கைக்குத்தான், மற்றவங்க தலையில் அடிக்க இல்ல.

இன்னொன்றும் சொல்லிடறேன். உட்கார உட்காரப் பயம் கூடுது, தூக்கம் போகுது, பழைய கொடுமையான நினைவுகள் அடிச்சுக்கிட்டு வருதுன்னா, தனியாகப் போராடாதீங்க. நிறுத்திட்டு மனநல மருத்துவரைப் பாருங்க. உவமை மருந்து இல்ல.

அந்த வாய்ஸ் நோட்டின் நடுவில்

சரி, கடன் பாக்கி இருக்கு. அந்தத் தோழி நடுவில், போகிற போக்கில் சொன்னது இதுதான்:

"எமர்ஜென்சி வார்டு வாசல்ல உட்கார்ந்திருந்தோம்ணா. தம்பி லேட்டா வந்தான். வந்ததும் ஒரு ஃபைலை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டேன்னு சொன்னான். எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. வழக்கமா கத்திடுவேன். ஆனா பார்த்தா என் கை நடுங்கிட்டு இருந்துச்சு. 'ஓ, எனக்குப் பயமா இருக்கு'ன்னு தோணுச்சு. அவனையும் பார்த்தேன், அவனுக்கும் பயம். 'சரிடா, பரவால்ல, உட்காரு'ன்னு சொல்லிட்டேன். அதை விடுங்க, ஸ்ட்ரீக் விஷயத்துக்கு வரேன்..."

'அதை விடுங்க'ன்னு சொல்லிட்டாங்க!

தோழி, அதை விடாதீங்க. அந்த ஒரு நொடியில் எல்லாமே இருக்கு. நடுங்குகிற கை தெரிந்தது, அதுதான் தூண். கொதிக்கிற தண்ணீர் கொதிக்குதுன்னு தெரிந்தது. மழைக்காலத்தில் மாடு பயிர்ப் பக்கம் திரும்பினபோது கம்பு சரியான நேரத்தில் கைக்கு வந்தது. ஒரு அம்பு தம்பி மேல் போய் விழாமல் நின்றது. அந்த நாளை உங்க ஆப் 'தியானம் செய்யாத நாள்'னு குறித்திருக்கு. எனக்கு என்னமோ, 143 நாளும் உட்கார்ந்ததோட தடம் அங்கேதான் தெரியுது. கைப்பிடி தேய்ஞ்சிருக்கு.

அதனால் உங்க கேள்விக்கு என் பதில்: விட வேண்டியது பயிற்சியை இல்ல. 'காலி அறை'யை விடுங்க. முடிந்தால் கொஞ்ச நாளைக்கு அந்த எண்ணிக்கையையும் அணைச்சு வைங்க. நாளைக்குக் காலையில் போய் உட்காருங்க. விரல் பழைய பள்ளத்தைக் கண்டுபிடிச்சுக்கும்.

மற்ற எல்லாருக்கும் இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. தியானமோ, படிப்போ, ஒரு உறவோ, எதில் 'எனக்கு முன்னேற்றமே இல்ல'ன்னு நினைக்கிறீங்களோ, அதை என்ன உவமையால் அளக்கிறீங்கன்னு ஒரு தாளில் எழுதிப் பாருங்க. ஏணியா, சங்கிலியா, காலி அறையா? பிறகு உங்க கைக்குத் தெரிஞ்ச ஒரு வேலையிலிருந்து இன்னொரு உவமையைத் தேடுங்க. கிடைச்சதை வாய்ஸ் நோட்டில் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சிலதைச் சேர்த்துப் பேசலாம்.

அம்மா நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு நேற்று மெசேஜ் வந்தது. கூடவே ஒரு வரி: "தம்பிதான் இப்போ கஞ்சி வைக்கிறான்."

அடுத்த வாரம் பார்க்கலாம்.